கொம்பனிக்கரையில் ராக்காயிக்கு ஒரு துண்டுக் காணி

கொம்பனிக்கரையில் முதலில் குடியேறியது யார் என்று கமிட்டிக் கொப்பியைத் திறந்து பார்த்தால், தொண்ணூற்றேழாம் ஆண்டு ஆவணி மாதம், ஐம்பத்திரண்டு குடும்பங்கள் என்று வடிவான எழுத்தில் இருக்கும். அது பொய். அதற்கு ஆறு வருசம் முந்தியே ராக்காயி அங்கே இருந்தாள். பற்றை வெட்டியது, பாம்பு அடித்தது, செத்த நாயை அள்ளிப் புதைத்தது எல்லாம் கொப்பியில் இருக்கிறது. அந்த ஆறு வருசத்து ராக்காயி இல்லை.

முல்லைத்தீவுக் களப்பின் மேற்குக் கரையில் அது ஒரு காலத்து இறால் கொம்பனி. ஐஸ் அடிக்கிற உயரக் கட்டடம், இறால் தலை கிள்ளுகிற நீட்டுக் கொட்டில், வள்ளங்கள் வந்து அணைகிற மரத்துறை, ஒரு மோட்டர் அறை. எண்பத்துநாலில் பிரச்சினை முற்றினதும் முதலாளி மெசின்களைக் கழற்றி லொறியில் ஏற்றிக்கொண்டு கொழும்புக்குப் போனான். நாற்றத்தை மட்டும் விட்டுவிட்டுப் போனான். கழிவுக் கிடங்கில் பத்து வருசத்து இறால் தலை கறுப்புக் களியாகக் கிடந்தது. மோட்டர் அறைக்குப் பின்னால் பழைய ஒயில் மண்ணோடு ஊறி, மழை பெய்தால் ஏழு நிறத்தில் மினுங்கும். ஐஸ் தொட்டியில் பச்சைத் தண்ணீர். அதற்குள் என்ன செத்துக் கிடந்தது என்று எவரும் எட்டிப் பார்த்ததில்லை. உருப்படியாக இருந்தது ஒன்றே ஒன்று. மணல் மேட்டில் கொம்பனி கட்டிய நல்லதண்ணிக் கிணறு.

ராக்காயிக்கு அந்த நாற்றம் புதிதில்லை. அதை உண்டாக்கியவர்களில் அவளும் ஒருத்தி.

அவள் பிறந்தது மலையில், தேயிலைத் தோட்டத்து லயத்தில். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை. அதில் ஏழு பேர். அப்பன் மலையிலிருந்து உருண்டு இடுப்பு முறிந்து படுத்தபோது ராக்காயிக்குப் பதினொரு வயது. மூன்றாம் மாதம் தோட்டத்து ஆள்கணக்குச் செக்ரோலில் அப்பனின் பேரை வெட்டினார்கள். வெட்டின அடுத்த கிழமை கங்காணி வந்து வாசலில் நின்று, "காம்பிராவைக் காலி பண்ணணும், புது ஆள் வாறான்" என்றான். வேலை இருக்கிறவரைக்கும் வீடு. பேர் போனால் வீடும் போச்சு. அம்மா கங்காணியின் காலில் விழுந்து தன் பேரைப் பதிவித்தபடியால் இடுப்பு முறிந்த மனிதன் அதே அறையில் கிடந்து சாக முடிந்தது. அம்மா விழுந்த விதத்தை ராக்காயி மறக்கவில்லை. ஈர நிலத்தில், சாணிக்குப் பக்கத்தில், முழு நீளத்துக்கு விழுந்தாள்.

எழுபத்தேழு கலவரத்தில் லயத்துக்கு நெருப்பு வைத்தார்கள். ராக்காயியும் புருசன் சன்னாசியும் உடுத்த துணியோடு லொறியில் வவுனியாவுக்கு வந்தார்கள். காடு வெட்டினார்கள். வெட்டின காட்டில் வேறு யாரோ பயிர் வைத்தார்கள். பிறகு இறால் கொம்பனியில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுக் களப்புக்கு வந்தார்கள். சன்னாசி ஐஸ் சுமந்தான். ராக்காயி தலை கிள்ளினாள். இறால் முள் குத்திக் குத்தி விரல் நுனியெல்லாம் வெந்து உரிந்துபோயிருக்கும். அந்தக் கையால் சோறு பிசைந்தால் கண்ணில் தண்ணீர் வரும். எண்பத்துமூன்றில் மலேரியா மூளைக்கு ஏறிச் சன்னாசி இரண்டு நாளில் முடிந்தான். பிள்ளை குட்டி இல்லை.

கொம்பனி மூடின பிறகு ஸ்கந்தபுரத்தில் வயல் கூலிக்குப் போனாள். ஏழு வருசம் மற்றவர்களின் மாட்டுக்கொட்டிலுக்குப் பக்கத்தில் படுத்தாள். மாடு பரவாயில்லை. மாட்டுக்காரர்கள்தான். செம்பில் தண்ணீர் தரமாட்டார்கள், கையில் ஊற்றுவார்கள். தொண்ணூற்றொன்றில் ஒருநாள் அந்தச் செம்பைப் பார்த்ததும் அவளுக்கு ஓங்காளித்தது. பையைத் தூக்கிக்கொண்டு நடந்து கொம்பனிக்கரைக்கே திரும்பி வந்தாள். மோட்டர் அறையைக் கூட்டி, மேலே தென்னங்கிடுகு போட்டு, குடியிருந்தாள். கரையில் குவிந்திருந்த சிப்பியை அள்ளிச் சுண்ணாம்பு சுடுகிறவர்களுக்குக் கொடுத்தாள். நாற்றமாவது அவளை யார் என்று கேட்கவில்லை.

பிறகுதான் சனம் வந்தது. தொண்ணூற்றாறில் கிளிநொச்சி இடம்பெயர, வாய்க்கால் தண்ணியில் நெல் விதைத்துச் செழித்திருந்த குடும்பங்கள் மூட்டை முடிச்சோடு வந்து மரங்களுக்குக் கீழே கிடந்தன. கடற்கரையில் நேவி அடிக்கிறான் என்று மீன்பிடிச் சனமும் களப்புப் பக்கம் ஒதுங்கியது. ஒரு வெளிநாட்டு நிறுவனம் கொம்பனிக்கரையைப் பார்த்து, இதைத் துப்புரவாக்கிக் குடியிருப்பாக்கலாம் என்று சொல்லி, முத்துலிங்கம் என்ற ஓவசியரை அனுப்பியது.

முத்துலிங்கம் முப்பத்தைந்து வயதுக்காரன். மெலிந்த ஆள். சைக்கிள் கரியரில் எப்போதும் ஒரு படச் சுருள். "ஒண்டையும் வீணாக்காத குடியிருப்பு" என்று அவன் சொல்லும்போது கண் பளிச்சிடும். வீணாக்க என்ன இருந்தது அங்கே? சீமெந்து தடை, யூரியா தடை, மண்ணெண்ணெய் ஒரு போத்தலுக்கு வரிசை. ஆகவே சிப்பியைச் சுட்டுச் சுண்ணாம்பு. கொம்பனிச் சுவரை உடைத்துக் கல். ஐஸ் தொட்டியைக் கழுவி மழைத்தண்ணீருக்கு. கழிவுக் கிடங்கைச் செம்மண்ணால் மூடி, கரையோரம் முழுக்கக் கண்டல் மரம் நடுகை. எல்லாம் படத்தில் பச்சை மையால் கீறியிருந்தது. மோட்டர் அறை மட்டும் சிவப்பு மையில். அடுத்த வருசம் சித்திரை வருசப்பிறப்பு முடிய அதை உடைத்துக் கல் எடுப்பது என்று திட்டம்.

முதல் வேலையாக, மாசி மாதம், மோட்டர் அறைக்குப் பக்கத்தில் ஒரு மாதிரிக் கக்கூஸ் கட்டினான். மூன்று படி ஏறிப் போகவேண்டும். ராக்காயி வந்து பார்த்தாள்.

"அக்கா, இஞ்ச மூண்டடி கிண்டினாத் தண்ணி," என்றான் முத்துலிங்கம். "குழி வெட்டினா நேர கிணத்துக்குத்தான் போகும். அதாலதான் மேல கட்டிறம். கீழ ரெண்டு அறை இருக்கு. ஒண்டு ஆறு மாசம் பாவிச்சிட்டு மூடவேணும். மற்றதைப் பாவியுங்கோ. மூடினது ஆறு மாசத்தில மண்ணாகிடும். ஒவ்வொருக்காலும் சாம்பலும் உமியும் போடவேணும். தண்ணி மட்டும் ஒரு சொட்டும் உள்ள விழக்கூடாது. கழுவிறது அந்தப் பக்கத்துக் கல்லில. அந்தத் தண்ணி குழாயால வாழைக்குப் போகும்."

"அவ்வளவுதானுங்களா?"

"அவ்வளவுதான்."

"லயத்துல நாப்பது குடும்பத்துக்கு ரெண்டு கக்கூஸ்ங்க. கதவே கெடயாது. நீங்க கதவு வச்சிருக்கீங்க. ரெண்டடி தள்ளிக் கழுவுறது என்ன பெரிய கஷ்டம்?"

வன்னிக்கு வந்து இருபது வருசத்தில் அவளுக்கு 'நீங்கோ' போட்டுக் கதைத்த முதல் உத்தியோகக்காரன் அவன்தான். அவளும் அவன் சொன்னபடி செய்தாள். சாம்பல், உமி, பக்கத்துக் கல்.

ஆவணியில் காணித் துண்டு பிரித்தார்கள். ஐஸ் கட்டட நிழலில் கமிட்டித் தலைவர் சிற்றம்பலம் பேர் வாசித்தார். கிளிநொச்சியில் பத்து ஏக்கர் வயல் வைத்திருந்தவர். எல்லாம் போயும் அந்தப் பத்து ஏக்கர் அவருடைய கழுத்து நிமிர்வில் மிச்சமிருந்தது. ஐம்பத்திரண்டு பேர் வாசித்துக் கொப்பியை மூடினார்.

"என் பேரு?" என்று ராக்காயி எழும்பினாள்.

"உன்ர பேர் எப்பிடி வரும்? இது இடம்பெயர்ந்த ஆக்களுக்கு. நீ இஞ்சத்த ஆள்தானே."

"நான் எழுபத்தேழுலயே இடம்பெயர்ந்தவங்க."

சனம் சிரித்தது. சிற்றம்பலமும் சிரித்தார். "அது பழைய இடப்பெயர்வு. அதுக்கு இப்ப நிவாரணம் இல்லை."

"அப்ப சித்திரையில அறைய ஒடச்சா நா எங்க போறது?"

"அதைப் பிறகு பாப்பம்."

'பிறகு பார்ப்பம்' என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியும். இருபது வருசமாக அதைத்தான் தின்று வந்தாள்.

சனம் குடியேறியது. இரண்டு வீட்டுக்கு ஒன்றாகக் கக்கூஸ்கள் எழும்பின. முத்துலிங்கம் வீடு வீடாகப் போய்ச் சொன்னான். எல்லாரும் தலையாட்டினார்கள். தலையாட்டிவிட்டுப் பிழையைச் செய்தார்கள். அதுவும் ஊத்தைச் சனம் செய்கிற பிழை இல்லை, துப்புரவான சனம் செய்கிற பிழை.

எழும்பி இரண்டடி நகர்ந்து கழுவுவதாவது! சீ, என்ன பழக்கம்? இருந்த இடத்தில் கழுவினார்கள். தண்ணீர் உள்ளே போனது. சாம்பல் போட்டால் கக்கூஸ் அடுப்படி மாதிரிக் கிடக்கிறது என்று அதைக் கழுவினார்கள். சிற்றம்பலத்தின் மனைவி இலட்சுமி வெள்ளிக்கிழமை தவறாமல் வீடு மெழுகி, முற்றம் கூட்டி, இரண்டு வாளித் தண்ணீரைக் கக்கூசுக்குள் ஊற்றித் தும்புத்தடியால் உரஞ்சுவாள். வேதக்காரச் சனம் ஞாயிற்றுப் பூசைக்கு முதல் சனிக்கிழமை ஊற்றியது. வெள்ளி இரண்டு வாளி, சனி இரண்டு வாளி. ஐப்பசி பிறக்க இருபத்தாறு கக்கூசும் கூழ்ப்பானையாகிவிட்டன.

அந்த நாற்றத்தைச் சொல்லாமல் விடுவதுதான் மரியாதை. ஆனால் அதைச் சொல்லாவிட்டால் கதை விளங்காது. சுண்ணாம்புக் கட்டின் வெடிப்பால் கசிந்தது. பின்பக்கத்துப் பலகை மூடிக்குக் கீழே வெள்ளைப் புழு சோறு கொட்டின மாதிரி நெளிந்தது. இலையான் சோற்றுக் கோப்பையில் வந்து இருந்துவிட்டு அங்கே போகும். அங்கே இருந்துவிட்டுக் கோப்பைக்கு வரும். மூக்கைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டு பெண்கள் கிணற்றடிக்குப் போனார்கள். பழைய இறால் நாற்றம் இதற்குச் சந்தனம்.

இவ்வளவுக்கும் ராக்காயியின் கக்கூஸ் கூட்டி மெழுகின குசினி மாதிரி இருந்தது. மணமே இல்லை. வாழை குலை தள்ளியிருந்தது.

தை மாதம் நிறுவனத்து வெள்ளைக்காரர் வந்து பார்ப்பார்கள். கக்கூஸ் ஒழுங்காக இருந்தால்தான் கூரைத் தகரம் வரும். இல்லாவிட்டால் மழைக்குக் கிடுகோடுதான். இந்தக் கவலையில் கமிட்டி கூடியது. கூடி ஒரு முடிவுக்கு வந்தது. அடுத்த நாள் காலை சிற்றம்பலம் இரண்டு பேரோடு மோட்டர் அறை வாசலுக்கு வந்தார். முதல் தடவையாக வந்தார். உள்ளே வரவில்லை.

"ராக்காயி, உனக்கு ஒரு நல்ல செய்தி. கமிட்டி உனக்கு வீடு தர யோசிக்குது."

அவள் சிப்பி அரித்துக்கொண்டிருந்தாள். கை நின்றது. "எந்தத் துண்டுங்க?"

"துண்டு எண்டில்லை. கடைசிக் கக்கூசுக்குப் பக்கத்தில ஒரு அறை கட்டித் தருவம். நீ எல்லாத்தையும் அள்ளித் துப்புரவாக்கிப் பாத்துக்கொள்ளவேணும். உன்ரதை எவ்வளவு வடிவா வச்சிருக்கிறாய்! கொப்பியில உன்ர பேரையும் பதியிறம். சுகாதாரத் தொழிலாளி எண்டு."

"காணி என் பேர்லயா?"

"காணி கமிட்டின்ர. நீ வேலை செய்யிறவரைக்கும் இருக்கலாம்."

வேலை செய்கிறவரைக்கும். ராக்காயி அரிதட்டைக் கீழே வைத்தாள். மலையை விட்டு, நெருப்பைத் தாண்டி, காடு வெட்டி, புருசனைப் புதைத்து, கடைசியில் களப்புக்கரையில் வைத்து அதே காம்பிராவைக் கொண்டுவந்து நீட்டுகிறார்கள். கங்காணிக்குப் பதில் கமிட்டி.

"ஏலாதுங்க."

"என்ன ஏலாது? சும்மாவோ கேக்கிறம்? வீடு தாறம்."

"எனக்கு மத்தவங்களப் போல துண்டு வேணும். என் பேர்ல. அத தந்தாலும் ஒங்க கக்கூச நா அள்ள மாட்டேன். எப்பிடி வச்சிருக்கிறதுன்னு சொல்லித் தாறேன். அவங்கவங்க அள்ளணும்."

சிற்றம்பலத்தின் முகம் மாறியது. "உனக்கென்ன, இது புதுத் தொழிலே?"

கூட வந்த இருவரும் நிலத்தைப் பார்த்தார்கள். அந்தக் கேள்விக்குள் என்ன இருக்கிறதென்று நாலு பேருக்கும் தெரியும்.

"நா கொழுந்து கிள்ளினவ. றால் தலை கிள்ளினவ," என்றாள் ராக்காயி. "இத அள்ளினதில்ல. அள்ள எனக்கு வெக்கமும் இல்ல, என்னோடத நானே அள்ளுவேன். ஆனா ஒண்ணு கேக்கிறேன். உங்க வயித்துல இருந்து வாறது உங்களுக்கே அருவருப்புன்னா, அது எனக்கு மட்டும் என்ன, பால்சோறா?"

"எடியேய், ஆரோட கதைக்கிறாய் எண்டு தெரியுமே?"

"தெரியும். அதான் சத்தம் போடாமக் கதைக்கிறேன்."

அவர் போனார். போகும்போது, "சித்திரை வரட்டும், பாப்பம்," என்றார். ராக்காயி அவர் நின்ற இடத்தில் காறித் துப்பி, காலால் மண்ணைத் தள்ளி மூடினாள்.

அடுத்த கிழமை முத்துலிங்கம், ஆள் கிடைக்காமல், தானே ஒரு வாளியும் மண்வெட்டியும் கொண்டுபோய்ச் சிற்றம்பலம் வீட்டுக் கக்கூசின் பின்மூடியைத் திறந்தான். திறந்த வேகத்தில் அது அவனுடைய முழங்காலுக்கு வந்தது. வாழையைப் பிடித்துக்கொண்டு சத்தி எடுத்தான். காலையில் தின்ற புட்டு, இரவு தின்ற மீன், எல்லாம் வந்தது. இலட்சுமி ஜன்னலுக்குள்ளால் பார்த்து, "ஐயோ தம்பி, வாழைக்கு எடுக்காதேங்கோ, குலை தள்ளப்போகுது," என்றாளாம். நாற்றத்திலும் சனம் இரண்டு நாள் சிரித்தது.

கார்த்திகை மழை பிடித்ததும் சிரிப்பு நின்றது. கசிந்ததெல்லாம் மழைத் தண்ணீரோடு ஓடி மேட்டைச் சுற்றி நின்றது. இன்னும் பத்தடி போனால் கிணறு. அன்று மத்தியானம் குடையும் இல்லாமல் றோஸ்மேரி வந்தாள். முந்திக் கொம்பனியில் ராக்காயிக்குப் பக்கத்தில் நின்று தலை கிள்ளினவள். மீன்காரி. நெஞ்சும் வாயும் பெரிது.

"எடி ராக்கி, உன்ர கோபத்தைப் பிறகு வச்சிரு. தண்ணியில போகப்போகுது. என்ன செய்யவேணும் எண்டு சொல்லு, நான் செய்யிறன்."

"நீ செய்வியா?"

"நாறின மீன் வெட்டினா கையைக் கழுவிப்போட்டுச் சோறு தின்னிறனான்தானே? இதுவும் கழுவினாப் போகும்."

ராக்காயி எழும்பிச் சேலையைத் தூக்கிச் செருகினாள். இரண்டு பேருமாக மழைக்குள் றோஸ்மேரி வீட்டுக் கக்கூசுக்குப் போனார்கள். சுட்டு நீற்றாத சிப்பிச் சுண்ணாம்பு ஒரு சாக்கு, உமி மூன்று சாக்கு, சாம்பல் கிடைத்த மட்டும். கூழின் மேல் சுண்ணாம்பைக் கொட்ட அது பொங்கிச் சீறியது. அதன் மேல் உமி. கட்டியானதும் றோஸ்மேரி தானே அள்ளித் தானே தூக்கிப் போய் மேட்டுக்கு அப்பால் வெட்டின கிடங்கில் புதைத்தாள். ராக்காயி வெடிப்புக்குச் சாந்து பூசினாள், கழுவுகிற கல்லைத் தட்டையாக வைத்துக் கொடுத்தாள். அள்ளவில்லை. அந்தச் சொல்லில் நின்றாள். அள்ளி முடிந்தும் றோஸ்மேரி தூசணத்தை நிறுத்தவில்லை. முதலாளியை, நேவியை, நிறுவனத்தை, சொந்தப் புருசனை, ஒருவரையும் விடவில்லை.

"இனி இருந்த இடத்தில கழுவினா, ஆருக்கெண்டாலும் அகப்பைக் காம்புதான்," என்று தன் வீட்டாருக்கு அறிவித்தாள்.

அதைப் பார்த்து அவளுடைய பக்கத்து வீடு செய்தது. பிறகு அதற்கடுத்தது. சட்டமும் இல்லை, கூட்டமும் இல்லை. கிணற்றுப் பயம்தான். மார்கழி முடிய இருபத்தாறில் இருபத்தொன்று உலர்ந்தது. மிச்சம் ஐந்தும் கிளிநொச்சிப் பெரிய வீட்டார் பக்கம். தையில் வெள்ளைக்காரர் வந்தபோது முத்துலிங்கம் கெட்டிக்காரத்தனமாக அந்தப் பக்கம் கூட்டிப்போகவில்லை. தகரம் வந்தது. ஐம்பத்திரண்டு வீட்டுக்கும் வந்தது. மோட்டர் அறைக்கு வரவில்லை. உடைக்கப்போகிற அறைக்கு ஏன் தகரம்? நன்றிக் கூட்டத்தில் சிற்றம்பலத்துக்குத்தான் மாலை போட்டார்கள். ராக்காயி அந்தப் பக்கம் போகவே இல்லை. போயிருந்தால் மாலைக்கு மேலே துப்பியிருப்பாள்.

மாசியில் அவள் தன்னுடைய கக்கூசின் மூடின அறையைத் திறந்தாள். முத்துலிங்கமும் வந்து நின்றான். சனம் எட்டத்தில் நின்றது. உள்ளே கறுப்பு மண். பொலபொலவென்று, தேயிலைத்தூள் மாதிரி. முத்துலிங்கம் ஒரு பிடி அள்ளி மூக்குக்குக் கொண்டுபோனான். "சீ!" என்று சனம் ஒரே குரலில் கத்தியது. "மழை பெஞ்ச காட்டு மணம்," என்றான் அவன். கண் கலங்கியிருந்தது. ஒரு வருசத்தில் அவன் படத்தில் கீறினதில் ஒன்று கீறினபடியே நடந்திருந்தது.

சிற்றம்பலம் எல்லாருக்கும் பின்னால் நின்று பார்த்தார். அவர் மூக்கைப் பொத்தவில்லை. அதை ராக்காயி கவனித்தாள்.

அவருடைய வளவில் இருநூறு மிளகாய்க் கன்று மஞ்சளாகிக் குருடித்துப்போய் நின்றது. யூரியா இல்லை. ஓமந்தை ஆமிச் சாவடிக்கு அங்கால் இருந்து ஒரு குறுணியும் வராது. மாட்டெரு முழுக்க வயற்காரர் வாங்கி முடித்துவிட்டார்கள். பத்து ஏக்கர் செய்த மனிதனுக்கு மண்ணைப் பார்த்தால் மண்ணென்று தெரியும்.

நாலு நாள் கழிந்து, உச்சி வெயிலில், சிப்பிக்குப் போன ராக்காயி அரிதட்டை மறந்துவிட்டுத் திரும்பி வந்தாள். கக்கூசுக்குப் பின்னால் சரசரவென்று சத்தம். நாய் என்று நினைத்துக் கல்லை எடுத்துக்கொண்டு போனாள். சிற்றம்பலம் குந்தியிருந்தார். பக்கத்தில் ஒரு பழைய யூரியா பை. முக்கால்வாசி நிரம்பியிருந்தது. இரண்டு கையாலும் அள்ளிக்கொண்டிருந்தார்.

அவள் கல்லைக் கீழே போடவில்லை. "என்னாங்க செய்றீங்க?"

அவர் எழும்பவுமில்லை, குந்தவுமில்லை. நடுவில் நின்றார். "இது… இது மண்தானே ராக்காயி."

"மண்ணா? ஐப்பசியில வேற பேரு சொன்னீங்களே."

"மிளகாய்க்குக் கொஞ்சம்…"

"அள்ளுறதுக்கு ஆள் வேணும்னு வந்தீங்க. இப்ப நீங்களே நல்லா அள்ளுறீங்க. உங்களுக்கு இது புதுத் தொழிலுங்களா?"

அவர் கையைப் பின்னால் மறைத்தார். நகக் கண்ணெல்லாம் கறுப்பு. ராக்காயிக்கு ஒரு கணம் சிரிப்பு வந்தது. பிறகு அந்தச் சிரிப்பும் கசந்தது. ஒருத்தியின் பேரைக் கொப்பியில் எழுத அருவருத்த கை, அவளுடைய கழிவை அள்ள அருவருக்கவில்லை. யூரியா இல்லாமல் போனால் போதும்.

"எடுத்துக்கிட்டுப் போங்க," என்றாள். "ஒங்களுக்குத் தாறேன். ஆனா பத்தைக்குள்ளால ஒளிச்சுப் போக வேணாம். தலையில வச்சுக்கிட்டு நடுப் பாதையால, கிணத்தடியத் தாண்டிப் போங்க."

"ராக்காயி, என்ர மரியாதை…"

"மரியாதை வேணும்னா பைய வச்சிட்டுப் போங்க."

அவர் பையைப் பார்த்தார். மிளகாய்க் கன்றுகளை நினைத்திருக்கவேண்டும். பையை வைத்துவிட்டு வேலிக்குள்ளால் போனார். போன வேகத்தில் வேட்டி முள்ளில் கிழிந்து ஒரு துண்டு தொங்கியது. ராக்காயி அதை எடுக்காமல் அப்படியே விட்டாள். அன்று பின்னேரம் றோஸ்மேரி வந்து அந்தத் துண்டைப் பார்த்து, "இது ஆரின்ர வேட்டியடி?" என்று கேட்டாள். ராக்காயி சொன்னாள். றோஸ்மேரியிடம் சொன்னால் பிறகு வேறு யாரிடமும் சொல்லத் தேவையில்லை.

பங்குனியில் கூட்டம். இரண்டு குடும்பம் வள்ளமேறி இந்தியாவுக்குப் போய்விட்டபடியால் இரண்டு துண்டு வெறுமையாகியிருந்தது. முத்துலிங்கம் எழும்பி, "ஒண்டை ராக்காயி அக்காவுக்குக் குடுக்கவேணும்," என்றான். எல்லாரும் சிற்றம்பலத்தைப் பார்த்தார்கள். அவர் கூரையைப் பார்த்தார், புதுத் தகரக் கூரையை.

"தலைவர் என்ன சொல்லிறியள்?" என்று பின்னாலிருந்து றோஸ்மேரி கேட்டாள். "உங்கட மிளகாய் எப்பிடி? இன்னும் மஞ்சள்தானோ?"

எங்கேயோ ஒருவர் இருமினார். இன்னொருவருக்கும் இருமல் வந்தது.

"எனக்கு ஆட்சேபனை இல்லை," என்றார் சிற்றம்பலம்.

கொப்பியைத் திறந்தார்கள். முத்துலிங்கம் எழுதினான்: ராக்காயி சன்னாசி, முப்பத்தோராம் துண்டு. தொழில் என்ற இடத்துக்கு வந்ததும் பேனை நின்றது. ஒருவர் "சுகாதாரத்…" என்று தொடங்கினார்.

"ஒண்ணும் எழுத வேணாம்," என்றாள் ராக்காயி. "காலியா விடுங்க. தொழில் போனா காணியும் போகும்பாங்க."

"இல்லை அக்கா, இது அப்பிடியில்லை. நீங்கள் சும்மா இருந்தாலும் காணி உங்கடைதான்."

"அப்ப காலியா விட்டாலும் என்னோடதுதானே? விடுங்க."

விட்டான். அந்தக் கொப்பியில் தொழில் இல்லாத பேர் அவளுடையது ஒன்றுதான்.

முப்பத்தோராம் துண்டு எதுவென்று பிறகுதான் போய்ப் பார்த்தாள். பழைய கழிவுக் கிடங்குக்கு மேலே. வெறுமையான இரண்டில் நல்லதைச் சிற்றம்பலத்தின் மைத்துனருக்குக் கொடுத்திருந்தார்கள். மேலே போட்ட செம்மண் ஒரு சாண்தான். கீழே என்ன இருக்கிறதென்று அவளுக்குப் படம் தேவையில்லை. நாலு வருசம் கூடையில் சுமந்து கொட்டினது அவளேதான். காலால் கிண்டினாள். கறுப்புக் களி எட்டிப் பார்த்தது. பழைய நாற்றம் மெல்ல எழும்பி மூக்குக்கு வந்தது.

"தூ," என்றாள். "குடுத்தாலும் பாரு, எதக் குடுக்குறானுங்கன்னு."

ஆனாலும் சித்திரைக்கு முதல் மோட்டர் அறையைத் தானே உடைத்து, கல்லை ஒவ்வொன்றாகச் சுமந்து, அங்கே வீடு கட்டினாள். முதல் கல் வைக்க றோஸ்மேரி வந்தாள். முத்துலிங்கம் ஒரு கக்கூசும் கட்டிக் கொடுத்தான். பூசணி வைத்தாள். களி அதற்குப் பிடித்துக்கொண்டது. கொடி கூரைக்கு ஏறியது. காய்த்ததைச் சனம் முதலில் தொடவில்லை. ராக்காயியின் பூசணி என்றால் வாந்தி வரும் என்றார்கள். தொண்ணூற்றொன்பதில் விலைவாசி ஏறினபோது வாந்தி தானாக நின்றுவிட்டது.

இரண்டாயிரத்தில் மறுபடியும் வெள்ளைக்காரர் வந்தார்கள். சிற்றம்பலத்தின் மிளகாய்த் தோட்டத்தில் நின்று படம் எடுத்தார்கள். கன்றெல்லாம் கரும்பச்சையாகச் சடைத்து நின்றது. இலட்சுமி வெள்ளிக்கிழமை வாளியை நிறுத்தி இரண்டு வருசமாகியிருந்தது. "ஒண்டையும் வீணாக்கக் கூடாது எண்டுதான் நான் ஆரம்பத்தில இருந்தே சனத்துக்குச் சொல்லி வந்தனான்," என்று சிற்றம்பலம் விளக்க, முத்துலிங்கம் இங்கிலீசில் சொன்னான். சொல்லும்போது அவன் ராக்காயியின் பக்கம் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் சொல்ல முடிந்திராது.

அவள் வேலிக்கு இப்பால் நின்று முழுவதையும் கேட்டாள். முந்தின கிழமை அவளுடைய கக்கூசின் பின்மூடியை யாரோ மறுபடி திறந்து அள்ளியிருந்தார்கள். இந்த முறை யார் என்றும் தெரியாது. மிச்சம் ஐம்பத்தொரு வீட்டில் எந்த வீடென்று பிடிப்பது?

அடுத்த நாள் முல்லைத்தீவுச் சந்தைக்கு நடந்துபோய், இரண்டு பூசணியைக் கொடுத்து, ஒரு பித்தளைப் பூட்டு மாற்றிக்கொண்டு வந்தாள். நல்ல கனமான பூட்டு. அதை வீட்டுக் கதவுக்குப் போடவில்லை. வீட்டுக்குள் களவெடுக்க ஒன்றுமில்லை. கக்கூசின் பின்மூடிக்குப் போட்டுச் சாவியைத் தாலிக்கயிறு இருந்த இடத்தில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டாள்.

வீட்டுக்குப் பூட்டில்லாமல், பீக்குப் பூட்டுப்போட்ட ஒரே வளவு கொம்பனிக்கரையில் அதுதான். அந்த வழியால் போகிறவர்கள் இப்போது மூக்கைப் பொத்துவதில்லை. பூட்டைத்தான் பார்த்துக்கொண்டு போகிறார்கள்.